காணாமற்போன சிவப்புப் படகு

விருப்பத்திற்குரிய ஆசிரியரின் நூலைக் கையிலெடுக்கும் இளம் வாசகன், முதற்பக்கத்தைப் படிக்கு முன்னரே பாதிப் பாராட்டை வழங்கிவிடுகிறான். எஞ்சிய பாதியை நூல் தன் தகுதியால் ஈட்டியாக வேண்டும். எனிட் பிளைட்டன் அம்மையார் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பான்ஷீ கோபுர மர்மம்’ என்னும் புதினம் அவ்வாறு ஈட்டத் தவறிய நூலாகும். அந்நூல் ஏன் சுவைக்கவில்லை என்று ஆராய்வது, மர்மக் கதை எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர் அறிய உதவும்.

பீட்டர்ஸ்வுட் என்னும் ஆங்கிலச் சிற்றூரில் விடுமுறை தோறும் கூடும் ஐந்து சிறுவர்களும் பஸ்டர் என்னும் நாயும் துப்புத் துலக்கும் கதைவரிசை 1943இல் தொடங்கிற்று. 1957 வரை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாகப் பதினான்கு நூல்கள் வந்தன. அதன்பின் நான்கு ஆண்டு இடைவெளி. பதினைந்தாவதாகவும் இறுதியாகவும் வந்ததே இந்நூல். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர் பலருக்கு ஃபாட்டி என்னும் பருத்த சிறுவனும், கடைக்குட்டி பெட்சும், ‘அப்பால் போ’ என்று அதட்டும் காவலர் கூனும் நன்கு அறிமுகமானவர்களே. (ஃபாட்டி என்பது பட்டப்பெயர். பிரெடரிக் அல்ஜெர்னன் டிராட்டவில் என்னும் நீண்ட பெயரின் முதலெழுத்துகளே அவனுக்கு வினையாய் முடிந்தன!)

குறைபட்ட நூலை நிறுப்பதற்கு அதே ஆசிரியரின் நிறைவான நூலையே எடைக்கல்லாகக் கொள்ளுதல் முறை. 1950இல் வெளிவந்த ‘கண்ணுக்குப் புலப்படாத திருடனின் மர்மம்’ அதற்கு ஏற்றது. ஒரு வீட்டில் திருட்டு நிகழ்கிறது. மிகப் பெரிய காலணித் தடங்கள் தோட்டத்தில் பதிந்திருக்கின்றன. ஆனால் அத்தகைய பேருருவம் உடைய எவனையும் யாரும் கண்டதில்லை. குறுக்கு நெடுக்குக் கோடுகள் கொண்ட வட்டத் தடம் ஒன்று வேறு. எண்ணும் ஒரு பெயரின் பகுதியும் மட்டும் எழுதிய தாள்துண்டுகள் வேறு. இவையனைத்தும் வாசகன் கண்முன்னே பரப்பி வைக்கப்படுகின்றன. எதுவும் ஒளிக்கப்படவில்லை.

விடை என்ன? நாள்தோறும் வீட்டுவாயிலுக்கு ரொட்டி கொண்டுவரும் சின்னஞ்சிறு மனிதனே திருடன். பெரிய காலணிகள் அவன் பூண்ட வேடம். வட்டத் தடம் அவன் கீழே வைத்த ரொட்டிக் கூடையின் அடிப்பகுதி. தாள்துண்டுகள் எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி என்னும் குறிப்புகள். திருடிய பொருளும் அக்கூடையிலேயே, துணியின் கீழ். முதல் திருட்டு நடந்தபோது அவன் அவ்விடத்திலேயே நிற்கிறான், வாசகன் அவனைப் பார்க்கிறான், பார்த்தும் காணவில்லை. நாள்தோறும் வருபவனை எவரும் ‘வந்தவன்’ என்று எண்ணுவதில்லை அன்றோ? மனித இயல்பு பற்றிய இந்த உண்மையின்மீது அக்கதை முழுவதும் நிற்கிறது. இறுதிப் பக்கத்தை முடித்த வாசகன் தன்னையே நொந்துகொண்டு முதற்பக்கத்திற்குத் திரும்புகிறான்.

பான்ஷீ கோபுரத்திற்கு வருவோம். குன்றின்மேல் பழைய மாளிகை. அதனுள் புகழ்பெற்ற கடல் ஓவியங்கள். அயர்லாந்து நாட்டார் நம்பிக்கையில் வரும் ஓலமிடும் ஆவியின் பெயர் அம்மாளிகைக்கு. களம் அழகியதே. ஓர் ஓவியத்தில் முன்பு இருந்த சிறிய சிவப்புப் படகு, மறுமுறை சென்று பார்க்கையில் இல்லை. மூல ஓவியத்தை அகற்றிவிட்டுப் போலி ஓவியத்தை மாட்டியிருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இந்தக் கரு ஆசிரியரின் பழைய ஆற்றலை நினைவூட்டுகிறது. ஆனால் அதற்குமேல் நூலில் என்ன இருக்கிறது? துப்பு அந்த ஒன்றே. அது கிடைத்தவுடன் விடையும் கிடைத்துவிடுகிறது. சந்தேகத்திற்கு உரியவர்கள் என்று எடைபோட்டுப் பார்க்கத் தக்க மாந்தர் இல்லை. ஆவியின் ஓலமோ கருவி எழுப்பும் ஒலி. முந்தைய பதினான்கு நூல்களைப் படித்த பிள்ளை, அவ்வோலத்தைக் கேட்ட கணமே அதனை ஊகித்துவிடும். முடிவுக்குச் செல்லும் வழியைச் சிந்தனை திறக்கவில்லை, தற்செயல் திறக்கிறது. சிக்கலை அவிழ்ப்பதிலும் ஃபாட்டி வாய்ப்பின் துணையையே பெரிதும் நம்புகிறான்.

ஒன்றை மட்டும் விதந்து கூறல் வேண்டும். காவலர் கூனின் மருமகன் எர்ன், 1948இல் வந்த ‘மறைந்த வீட்டின் மர்மம்’ முதலாக எளியவனாகவும் நகைப்புக்கு உரியவனாகவுமே வருபவன். பிழைமலிந்த ‘கவிதைகள்’ புனைபவன். அவனே இங்குக் கடல் ஓவியத்தின் முன் மெய்ம்மறந்து நிற்கிறான். கேலிக்கு ஆளான பிள்ளைக்குள் கலையுணர்வு இருப்பதை ஆசிரியர் கண்டுகொண்ட அந்தப் பக்கங்களில் உயிர் இருக்கிறது. அதனைக் கதையின் அச்சாக வளர்த்திருந்தால் வரிசை பெருமிதத்தோடு நிறைவுற்றிருக்கும். பிளைட்டன் அதனைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தளர்ச்சிக்குக் காரணம் தேடுவோர் ஆசிரியர் எழுதிய முறையை நோக்கலாம். 1950களில் உளவியலறிஞர் பீட்டர் மக்கெல்லருக்கு எழுதிய கடிதங்களில் அம்மையார் அதனை விளக்கியுள்ளார். முன்கூட்டித் திட்டமிடுவதில்லை, தட்டச்சுப் பொறியை மடியில் வைத்துக் கண்மூடினால் பாத்திரங்கள் திரைப்படம்போல் மனக்கண்முன் தோன்றுவர், கண்டதை எழுதிச் செல்வதே வேலை. சாகசக் கதைக்கு இம்முறை போதும். தீவும் குகையும் சூறாவளியும் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். மர்மக் கதைக்கோ வலிய நினைவாற்றல் வேண்டும். மூன்றாம் இயலில் தரையில் வைத்த கூடையை இருபதாம் இயலில் மறவாமல் எடுத்தாக வேண்டும். மனம் வலுவாக இருந்த காலத்தில் இதே முறையில்தான் ரொட்டிக்காரனும் பிறந்தான். ஆகவே முறையை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவருடைய நினைவு மங்கியதை, 1974இல் பார்பரா ஸ்டோனி எழுதிய வாழ்க்கை வரலாறு எடுத்துரைக்கிறது. 1968இல் அவர் மறைந்தார். அம்முதுமைத் துயர் இரக்கத்திற்கு உரியது. ஆனால் நூலைக் கொண்டு நோய்க்கு நாள் குறிப்பதும், நோயைக் கொண்டு நூலுக்கு மதிப்பெண் கூட்டுவதும் திறனாய்வு ஆகா.

‘சிறுவர்க்கான கதைதானே, இத்தனை கடுமை எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். இக்கேள்வியே சிறுவர் இலக்கியத்திற்கு இழைக்கப்படும் பெருந்தீங்கு. முதியோர் பலர் சலிப்பூட்டும் நூலைப் பாதியில் மூடிவிட்டு வேறொன்றைத் தேடுவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ குறை தன்னிடமே என்று கருதுகிறது. ‘பெரிய ஆசிரியர் எழுதியது, எனக்குத்தான் சுவைக்கத் தெரியவில்லை’ என்று அது வாளாவிருந்துவிடும். ஆசிரியரின் புகழைக் காட்டி அப்பிள்ளையின் நாவடக்கும் பள்ளி, அதன் சொந்தச் சுவையுணர்வை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. நம் தமிழ் வகுப்புகளிலும் இக்குறை இல்லை என்று சொல்வதற்கில்லை. பெயர்பெற்ற எழுத்தாளரின் கதை எனில் ‘சிறப்புகளைத் தொகுத்தெழுதுக’ என்றே வினா அமைகிறது, ‘எவ்விடத்தில் தளர்கிறது?’ என்று கேட்கும் வினாத்தாள் அரிது.

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தால் விரிவுரை எதுவும் தேவைப்படாது. முதல் நூலைப் பாதியில் நிறுத்தி, இதுவரை கண்ட தடயங்களை எழுதச் சொன்னால் மாணவனின் தாள் நிரம்பும். ரொட்டிக்காரன் மட்டும் அதில் இருக்கமாட்டான். இரண்டாம் நூலையும் அவ்வாறே நிறுத்தினால் தாளில் ஒரு சிவப்புப் படகு மட்டும் இருக்கும்.