ஊதியமும் ஸகாத்தும்: கர்ளாவியின் முடிவு குறித்து ஒரு மதிப்பீடு

ஸகாத் குறித்து இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நூல்களுள் அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவியின் 'ஃபிக்ஹுஸ் ஸகாத்' தலையாயது. மாத ஊதியத்துக்கு ஓராண்டு நிறைவு தேவையில்லை. இன்றியமையாத செலவும் கடனும் போக எஞ்சியது நிஸாபை எட்டினால், பெறும்போதே இரண்டரை விழுக்காடு கடமை என்பது அதன் பெரிதும் விவாதிக்கப்பட்ட முடிவு.

இம்முடிவின் அறவலிமையைக் கமுதி வட்டாரத்தை நோக்கினாலே உணரலாம். வானம் பார்த்த நிலத்தில் விளைந்த நெல் நிஸாபை எட்டினால், அறுவடையின்போதே பத்தில் ஒரு பங்கு கடமை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி குண்டு மிளகாய்க்கும் அது உண்டு. மழையை நம்பிய உழவர் கொடுக்க, மாதந்தோறும் தவறாது ஊதியம் பெறும் அரசு அலுவலர் 'ஆண்டிறுதியில் மிச்சமில்லை' என்று ஒதுங்கலாமா? இது நாம் தட்டிக்கழிக்க இயலாத வினா.

ஆயினும் நூலாசிரியர் தரும் விடை அத்துணை உறுதியானதன்று. கொடுக்கும் காலத்தை விளைச்சலிலிருந்தும், விகிதத்தை நாணயத்திலிருந்தும் அவர் எடுக்கிறார். விளைச்சலோடு ஒப்புமை முழுமையாயின் விகிதமும் பத்தோ ஐந்தோ ஆகவேண்டும். முஆவியா (ரலி) அவர்கள் அரசு மானியத்திலிருந்தே ஸகாத் பிடித்ததை அவர் சான்றாக்குகிறார். அச்செய்தி இடம்பெறும் 'முவத்தா'விலேயே, அபூபக்ர் (ரலி) அவர்கள் மானியம் பெறுவோரிடம் ஸகாத் கடமையான வேறு செல்வம் உண்டா என வினவி, இல்லையெனில் முழுத்தொகையையும் வழங்கினார்கள் என்றும் காண்கிறோம். 1984இல் குவைத்தில் கூடிய ஸகாத் மாநாடும், ஊதியத்தைப் பிற செல்வத்தோடு சேர்த்து ஆண்டுக்கணக்கிலேயே கொடுக்கும் வழியை ஏற்றது. இந்தோனேசிய உலமா சபையோ 2003இல், நிஸாபை எட்டிய ஊதியத்துக்குப் பெறும்போதே கொடுக்கலாம் என்றது.

நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். நிஸாப் உடைய ஹனஃபி ஆசிரியரின் புதிய சேமிப்பு, பழைய செல்வத்தின் ஆண்டோடு இணையும். ஷாஃபிஈ ஆசிரியருக்கோ ஒவ்வொரு மாதச் சேமிப்புக்கும் தனி ஆண்டு, பன்னிரண்டு கணக்குகள். இச்சிக்கலுக்கு வழி இரு மத்ஹபுகளிலுமே உண்டு. நிஸாப் உடையவர் ஆண்டு நிறைவுக்கு முன்னரே கொடுக்கலாம்; அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு அனுமதி அளித்துள்ளார்கள். எனவே மாதந்தோறும் இரண்டரை விழுக்காட்டை முன்பணமாகக் கொடுத்து, ஆண்டுக்கொரு நாள் கணக்கை நேர்செய்வதே தக்கது.

கர்ளாவியின் முடிவை ஏற்காதோரும் அவர் எழுப்பிய வினாவிலிருந்து தப்ப இயலாது. கணக்கிடும் நாளே குறிக்காத அலுவலருக்கு எந்த மத்ஹபும் துணை நிற்காது.