பட்டை அளப்பதும் ஊகிப்பதும்

மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் நேரடியாக அறிவது மிகக் குறைவு. கை எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு அசைகிறது என்பதை உள்ளிருக்கும் முடுக்கமானி சொல்கிறது. பின்பக்கம் மினுக்கும் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும்போது, ரத்தம் கூடுவதும் குறைவதும் தெரிகிறது. அதிலிருந்து நாடித்துடிப்பு கிடைக்கிறது. விலை கூடிய மாடல்களில் ஜி.பி.எஸ். இருக்கும். அடிக்கணக்கு, கலோரி, ஆழ்ந்த உறக்கம், மன அழுத்தம் என்று திரையில் வரும் மற்ற எண்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று அளவுகளை வைத்து மென்பொருள் போடும் கணிப்புகள். ஆகவே ஒரு பட்டையை எடைபோட வேண்டுமானால், அதில் எத்தனை வசதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பயனில்லை. எந்தக் கணிப்பு உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிக்கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். கையை வீசிச் சமதரையில் நடப்பவருக்கு இது ஓரளவு சரியாகவே வரும். காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், தள்ளுவண்டியைத் தள்ளினால், தலைச்சுமையை ஒரு கையால் தாங்கினால், கை அசையாததால் பட்டை எண்ணாமல் விட்டுவிடும். மேடுபள்ளமான சாலையில் பைக்கில் போனாலோ, உட்கார்ந்த இடத்தில் துணி துவைத்தாலோ நடக்காத அடிகள் சேரலாம். அதனால் ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அலுவலகத்தில் நடக்கும் ‘ஸ்டெப்ஸ்’ போட்டிகளும், குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் பகிரும் படங்களும் இந்த ஒப்பீட்டைத்தான் செய்கின்றன. அதே ஆள், அதே கை, அதே பட்டை என்றால் கதை வேறு. பிழை இரு வாரங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதால், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் நம்பி ஒப்பிடலாம்.

இந்தக் கணக்கின் மேல் ஏற்றி வைத்திருக்கும் பத்தாயிரம் என்ற இலக்கோ ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு, ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஓர் அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி என்பது அதன் பெயரிலேயே இருந்தது. நினைவில் நிற்கும் முழு எண் என்பதால் உலகமெல்லாம் பரவிவிட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியை ஒட்டி அந்த நன்மை மேலும் கூடாமல் நின்றுவிட்டது. இது கவனித்து மட்டும் பார்த்த ஆய்வுதான்; நடந்ததால்தான் ஆயுள் கூடியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடல்நலம் உள்ளவர்கள் அதிகம் நடந்திருக்கவும் கூடும். ஆனாலும் 2,700-க்கும் 4,400-க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி தெரியும்போது, எல்லோருக்கும் பத்தாயிரம் என்று வைப்பது எவ்வளவு முரட்டுத்தனம் என்று புரிகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் பாதைகள் 8 கிலோமீட்டர் நீளம்; முழுதும் நடந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். முடிந்தவர்கள் தாராளமாக நடக்கலாம். முழங்கால் வலியோடு நாளுக்கு மூவாயிரம் அடி நடக்கும் ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு ஒவ்வொரு இரவும் ‘இலக்கை எட்டவில்லை’ என்று காட்டும் பட்டை நல்லது செய்யவில்லை. அவர் நாலாயிரத்தைத் தொட்டாலே பெரிய காரியம். அதைச் சொல்லிக் கைதட்ட வேண்டிய கருவி அவரைச் சோர்வடைய வைக்கிறது. வாங்கிய முதல் வேலையாக அந்த இலக்கை மாற்றுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் இருந்து, வரும் சராசரியோடு ஆயிரம் அடி சேர்த்தால் போதும்.

கலோரிக் கணக்கைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது: அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவு சொன்னார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது; மோசமானது 93 சதவீதம். அதன்பின் வந்த கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆனால் சிக்கல் சென்சாரில் மட்டும் இல்லை. ஒருவரின் தசை, கொழுப்பு, பழக்கம் எதையும் அறியாமல் வயது, எடை, உயரம், துடிப்பு போன்றவற்றை வைத்தே அந்த எண்ணைப் போடுகிறார்கள். ‘இன்று 400 கலோரி எரித்துவிட்டேன்’ என்ற தெம்பில் கூடுதலாக ஒரு வடையும் ஒரு காபியும் உள்ளே போனால், கையில் இருக்கும் உறுதியான கணக்கு வடையுடையதும் காபியுடையதும்தான்.

எடை குறைக்கப் பட்டை உதவுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த அதிக எடையினரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த சோதனை 2016-ல் வெளிவந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனை எல்லோருக்கும் கிடைத்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அணிகருவியும் தரப்பட்டது. கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. இதை வைத்துக் கருவி கெடுதல் என்று முடிவு கட்டுவதும் அவசரம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்த கட்டுரை, இத்தகைய கருவிகள் நாளுக்குச் சுமார் 1,800 அடிகளையும் 40 நிமிட நடையையும் கூட்டுகின்றன, எடையைச் சுமார் ஒரு கிலோ குறைக்கின்றன என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: நடையைக் கூட்ட இந்தக் கருவி உண்மையாகவே உதவுகிறது, எடை குறைவது தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அங்கே இதற்கு வேலையில்லை.

அந்த உதவி எத்தனை நாள் நீடிக்கும்? சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த சோதனை இதற்கு நேரான பதில் தருகிறது. சிலருக்கு ஃபிட்பிட் மட்டும் கொடுத்தார்கள், சிலருக்கு நடந்தால் பணமும் கொடுத்தார்கள். பணம் வந்த ஆறு மாதம் அவர்கள் நன்றாக நடந்தார்கள். பணம் நின்றதும் அந்த வேகமும் போயிற்று. ஓராண்டு முடிவில் கருவியை இன்னும் அணிந்திருந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. எடையிலும் ரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆகவே பட்டையின் பயன் பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களில்தான் இருக்கிறது. எவ்வளவு பணம் போடுவது என்பதை இந்த உண்மையை வைத்துத் தீர்மானிப்பதே நியாயம். நாற்பதாயிரம் ரூபாய் கடிகாரம் நடையை எண்ணுவதில் இரண்டாயிரம் ரூபாய் பட்டையைவிடப் பெரிதாக எதுவும் கூடுதலாகச் செய்துவிடாது. மிச்சப் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம்.

நாடித்துடிப்பில் மதிப்புள்ளது ஓய்வு நாடி. கை அசையாதபோது ஒளிச் சென்சார் நன்றாக வேலை செய்கிறது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வில், உடல் இயங்கும்போது பிழை ஓய்வில் இருப்பதைவிட 30 சதவீதம் அதிகமாக இருந்தது. நம் தோல் நிறத்துக்கு இந்தப் பச்சை ஒளி ஒத்துவருமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தோலின் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும். ஆனால் அந்த ஆய்வில் நாடியைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ரத்த ஆக்சிஜன் அளவில் எனக்கு அந்த நிம்மதி இல்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவியே கறுத்த தோலில் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவதாக 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மணிக்கட்டின் எண் அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது.

ஓய்வு நாடியை அன்றாடம் பார்க்காமல் வாரச் சராசரியாகப் பாருங்கள். காய்ச்சலோ, தூக்கக் குறைவோ, மதுவோ அதை ஏற்றும். சில மாதம் ஒழுங்காக நடந்தால் மெல்ல இறங்கும். உச்சத் துடிப்பை வைத்துப் பட்டை பிரித்துக் காட்டும் உடற்பயிற்சி ‘ஸோன்’களை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரம் ஒரே வயதுள்ள இருவருக்கு ஒரே உச்சத்தைச் சொல்லும்; உண்மையில் இருவருக்கும் இருபது துடிப்பு வரை வித்தியாசம் இருக்கலாம். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும். அந்த ஸோனை எட்ட வேண்டும் என்று அவர்கள் உடம்பை விரட்டுவது ஆபத்து.

விலை கூடிய கடிகாரம் தன் விலைக்கு வாதாடக்கூடிய ஓரிடம் இதயத் துடிப்பின் ஒழுங்கு. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நடந்த ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள், 0.52 சதவீதத்தினருக்கு ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. அவர்களில் இ.சி.ஜி. பட்டையை மார்பில் ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. மூளைப் பக்கவாதத்துக்குக் காரணமாகும் நோய் என்பதால் இது சின்ன விஷயமில்லை. படபடப்பு அடிக்கடி வரும் அறுபது கடந்தவருக்கு டாக்டர் சொன்னால் வாங்கலாம். முப்பது வயது ஆரோக்கியமானவருக்கு இதற்காக அவ்வளவு செலவு தேவையில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: கடிகாரம் எடுக்கும் இ.சி.ஜி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்வதாக விற்கும் கடிகாரங்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் தெரியவந்தது. அவர்களில் ஒருவர் பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அங்கீகாரம் அளிக்கவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் கடிகாரத்தைக்கூட நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் கட்டும் பிரஷர் மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிபார்க்கவே சொல்லாமல் பிரஷரும் சுகரும் காட்டுகிற மலிவுக் கடிகாரத்தைக் கையால் தொடாதீர்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை மணிக்குப் படுத்து எழுந்தோம் என்பது ஓரளவு சரியாக வரும்; அசையாமல் விழித்திருப்பதைத் தூக்கம் என்று எண்ணிவிடும்; ஆழ்ந்த உறக்க நிமிடங்களை நம்ப வேண்டியதில்லை. தூக்க மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அந்தக் கவலை உங்களுக்கு இருந்தால் இரவில் கழற்றி வையுங்கள்.

ஜி.பி.எஸ். சாலையில் ஓடுபவர்களுக்கு வேண்டும். மொட்டை மாடியிலும் பூங்காவின் எட்டு வடிவப் பாதையிலும் நடப்பவர்களுக்கு வேண்டாம். சில மீட்டர் பிழை உள்ள கருவியால் அவ்வளவு சின்ன வளைவை அளக்க முடியாது. துடிப்பைத் துல்லியமாகப் பார்த்துப் பயிற்சி செய்பவர்களுக்கு மார்புப் பட்டையே சரி.

தகவல்கள் எங்கே போகின்றன என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலியின் வரைபடம், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியே ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தது. ஃபிட்பிட்டை கூகுள் வாங்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தபோது, உடல்நலத் தகவலைப் பத்தாண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. அந்த உறுதிமொழி அங்குள்ளவர்களுக்கு மட்டும். நடையைக் காட்டினால் பிரீமியத்தில் சலுகை தரும் காப்பீடுகள் இங்கும் வந்துவிட்டன. அதில் சேரும் முன், நடக்க முடியாத மாதத்தின் தகவலும் அதே இடத்துக்குத்தான் போகும் என்று யோசிக்க வேண்டும்.

பெயர் தெரிந்த நிறுவனத்தின் சாதாரணப் பட்டை, ஒரு வாரமாவது தாங்கும் பேட்டரி, தகவலை அழிக்க வழி தரும் செயலி: இவ்வளவு போதும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். வாரச் சராசரி அடியும் ஓய்வு நாடியும் மட்டும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த இரண்டு கோடுகளையும் ஃபோனில் படமெடுத்து, அடுத்த தடவை சுகருக்கோ பிரஷருக்கோ டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு சேர்த்துக் காட்டுங்கள்.