பழைய வீடியோ நாடாவும் மலிவுக் கருவியும்

வீடியோ நாடாவை வீட்டிலேயே கணிப்பொறிக்கு மாற்றும் யுஎஸ்பி கருவிகள் இன்று தீப்பெட்டி அளவில், மலிவாகக் கிடைக்கின்றன. சிலவற்றின் உறையில் ‘1080’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பிக் கூடுதல் பணம் தருவது வீண். வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகளே. நாடாவில் இல்லாத நுணுக்கத்தை எந்தக் கருவியும் படைத்துவிட முடியாது. பால் முறைப் பதிவுக்கு 720×576 புள்ளிகள் தாராளம்.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. பால் முறையில் படத்தின் ஒவ்வொரு வரிக்கும் 64 மைக்ரோ விநாடிதான் கணக்கு. நாடா நைந்திருந்தால் இக்கணக்குப் பிசகும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. மலிவுக் கருவியோ தடுமாறிச் சில படங்களை விட்டுவிடுகிறது. பிறகு பேச்சும் உதட்டசைவும் ஒட்டுவதில்லை. விநாடிக்கு 50 அரைப்படங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை எறிந்துவிடும் மென்பொருளும் உண்டு. அதில் ஓடும் குழந்தை வெட்டி வெட்டி நகர்வாள்!

ஆகவே பணத்தை நாடா ஓட்டும் கருவியில் போடுவதே அறிவுடைமை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்திவிட்டது; இனிப் பழையதைத்தான் தேட வேண்டும். வரிகளின் காலப் பிசகைத் திருத்தும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ உள்ளே அமைந்த வி.சி.ஆர். கிடைத்தால் விட வேண்டாம். விலை கட்டுப்படியாகாவிட்டால், சில பழைய டி.வி.டி. ரெக்கார்டர்களின் வழியே படத்தைச் செலுத்தினாலும் நடுக்கம் பெரிதும் குறையும்.

வாங்குமுன் வேண்டாத நாடா ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே உள்ளே நுழைத்தால் காந்தத் தலை அழுக்கேறும். அடுத்து ஓடும் நாடாவிலும் அது ஒட்டும்.