கொலையும் கிளைக்கதையும்

துப்பறியும் கதை நேர்க்கோட்டில் செல்ல வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த ஓட்டத்தைக் கிளைக்கதைகளால் மறிக்கும் நாவல்களை நம்மில் பலர் பாதியில் மூடிவிடுகிறோம். ஓர்ஹான் பாமுக் 1998இல் துருக்கியில் வெளியிட்ட, ஜி. குப்புசாமி தமிழாக்கிய ‘என் பெயர் சிவப்பு’ அத்தகைய நாவல். அதற்குள் நுழையுமுன் ஆயிரத்தொரு இரவுகளின் ‘மூன்று ஆப்பிள்கள்’ கதையை நினைவுகூர்வது நலம்.

திஜ்லா நதியில் கிடைத்த பேழையில் ஒரு பெண்ணின் சடலம். மூன்று நாள்களுக்குள் கொலையாளி கிடைக்காவிடில் வஸீர் ஜஃபருக்கு மரணம் என்கிறார் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத். ஜஃபரோ துப்புத் துலக்குவதே இல்லை, வீட்டில் அமர்ந்திருக்கிறார். கொன்றவன் தானே வந்து ஒப்புக்கொள்கிறான். அவனைத் தூண்டிய பொய்யைச் சொன்ன அடிமை ஜஃபரின் வீட்டிலேயே அகப்படுகிறான். அவ்வடிமையின் உயிருக்கு ஈடாக ஜஃபர் சொல்வது நூருத்தீனும் அவர் மகனும் பற்றிய வேறொரு நெடுங்கதை. கிளைக்கதை இங்கே திசைதிருப்பல் அன்று, மீட்புத்தொகை.

பாமுக்கின் களம் 1591ஆம் ஆண்டின் இஸ்தான்பூல். சுல்தான் மூன்றாம் முராதின் இரகசிய நூலுக்காக உழைத்த ஸரீஃப் எஃபெந்தி கொல்லப்பட்டுக் கிணற்றில் கிடக்கிறார். முதல் அத்தியாயத்தில் பேசுவது அவரது பிணமே. நாவலின் முகப்பில் அல்பகரா அத்தியாயத்தின் 72ஆம் வசனம் இடம்பெற்றுள்ளது. அதற்கடுத்த வசனத்திற்கு விரிவுரையாளர்கள் தரும் விளக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் கூர்மை புலப்படும். பசுவின் ஒரு பாகத்தால் அடிக்கப்பட்டதும் கொலையுண்டவன் உயிர்பெற்று, கொன்றவனைக் காட்டிக்கொடுத்தான். பாமுக்கின் பிணமும் பேசுகிறது. பெயரை மட்டும் சொல்வதில்லை. அந்த மௌனத்திலிருந்தே 59 அத்தியாயங்கள் விரிகின்றன.

ஐயத்திற்குரிய நுண்ணோவியர்கள் மூவரும் விசாரிக்க வரும் கராவிடம் தலா மூன்று கதைகள் சொல்கின்றனர். பாணி, காலம், பார்வையிழப்பு ஆகியவை அவற்றின் பொருள்கள். அவசர வாசகர் இவற்றைத் தாண்டிச் செல்வார். ஆனால் கொலையாளி தன் பெயரில் ஒரு குரலிலும், கொலைகாரன் என்ற பெயரில் மற்றொரு குரலிலும் பேசுபவன். சொற்களைக் கொண்டு தன்னை இனங்காணுமாறு நமக்குச் சவால் விடுபவன். எனவே அக்கதைகளே வாக்குமூலங்கள். விசாரணையில் பிடிகொடுப்பதும் ஒரு குதிரையின் நாசி வரையப்பட்ட விதந்தான்!

இரவுகளில் கதை ஓர் அடிமையைக் காத்தது. இங்கே காப்பிக்கடைக் கதைசொல்லியே கொல்லப்படுகிறார். இந்தத் தலைகீழாக்கத்தை நாம் வியக்கிறோம். எனினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. நாய், மரம், பொற்காசு, இப்லீஸ் என யாவற்றுக்கும் வாய் தந்த பாமுக், காப்பிக்கடையைச் சாடும் எர்ஸுரூம் நுஸ்ரத் ஹோஜாவுக்கு ஓர் அத்தியாயமும் தரவில்லை. அவர் தரப்பின் அச்சத்தை ஸரீஃபின் பிணம் ஓரளவு சுமக்கிறது எனச் சமாதானம் கூறலாம்; போதாது. எல்லாச் சாட்சிகளையும் அழைப்பதாக வாக்களிக்கும் வடிவம் இது. அதில் ஒரு தரப்பு வதந்தியாகவும் தடியாகவும் மட்டுமே தோன்றுகிறது. கடும் சீர்திருத்தம் கோரியவர்களுக்கு அக்காலத்தில் வாதங்கள் இல்லாமலில்லை. 1573இல் மறைந்த பிர்கிவியின் ‘தரீக்கத்து முஹம்மதிய்யா’ உஸ்மானிய நகரங்களில் பரவலாக ஓதப்பட்ட நூல். அந்தக் குரலையும் காப்பிக்கடையின் சுவரில் ஒரு சித்திரமாகத் தொங்கவிட்டுப் பேசவைக்கக் கதைசொல்லிக்கு ஓரிரவு போதுமாயிருந்திருக்கும்.