துலாக்கோலுக்குத் தட்டு இரண்டு

நகை பிறக்கும் நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் எள்ளலை ஒன்றாக வைத்தார். தான் பிறரை எள்ளுவதாலும் நகை தோன்றும். பிறர் தன்னை எள்ளும்போதும் தோன்றும் என இருவகையாக அதனை விரித்தார் உரையாசிரியர் பேராசிரியர். முதல்வகை நகை எங்கும் மலிந்தது. இரண்டாம் வகையோ அரிது. தன்னை எள்ளுவோனைத் தனக்கு நிகரானவன் என மதிக்கும் உள்ளத்தில்தான் அது பிறக்கும். கருத்தால் மாறுபட்ட இருவர் ஒருவரையொருவர் எள்ளியும், எள்ளலை ஏற்றும், ஒரே ஆயத்தில் அமர்ந்து நீதி வழங்க இயலுமா? இவ்வினாவை நகைச்சுவையாக எழுப்பிய அமெரிக்கத் திரைப்படம் ‘ஃபர்ஸ்ட் மண்டே இன் அக்டோபர்’.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆண்டு அமர்வு அக்டோபர் மாதத்து முதல் திங்கட்கிழமை தொடங்குவது வழக்கம். படத்தின் பெயர் அதனைக் குறிப்பது. ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ என்னும் இரட்டையர் எழுதிய நாடகமே இதன் மூலம். 1978-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஹென்றி ஃபோண்டாவும் ஜேன் அலெக்ஸாண்டரும் அதில் நடித்தனர். ரொனால்ட் நீம் இயக்கிய படம் 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. டானியல் ஸ்னோ என்னும் முற்போக்கு நீதிபதியாக வால்டர் மாத்தோவும், ரூத் லூமிஸ் என்னும் பழமைப் பற்றுடைய நீதிபதியாக ஜில் கிளேபர்க்கும் தோன்றினர். எட்டு ஆடவர் அமர்ந்த ஆயத்தில் ஒன்பதாமவராக வந்து சேரும் முதற்பெண் லூமிஸ்.

தோற்றத்திலேயே இருவரும் முரண்பட்டவர். மாத்தோவின் ஸ்னோ தளர்ந்த நடையும் கலைந்த உடையுமாக வருபவர். ஆயின் சொல்லில் தளர்வறியாதவர். கிளேபர்க்கின் லூமிஸ் நிமிர்ந்த நடையும் ஒழுங்கு குலையாத சிந்தனையும் உடையவர். முப்பத்தாறு ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் வீற்றிருந்து 1975-இல் ஓய்வு பெற்ற வில்லியம் ஓ. டக்ளஸின் சாயல் ஸ்னோவிடம் உண்டு என்பர்.

படத்தின் உயிர்நாடி ஆபாசத் திரைப்படம் ஒன்றைப் பற்றிய வழக்கு. அதைத் தடை செய்ய வேண்டும் என்பது லூமிஸின் கட்சி. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமைக்கு விலக்கு எதுவும் வைக்கவில்லை என்பது ஸ்னோவின் கட்சி. இங்கே ஆசிரியர்கள் நுட்பமான ஒரு முரணை அமைத்துள்ளனர். தடுக்க விரும்புபவர் அப்படத்தைக் கடமையென அமர்ந்து பார்க்கிறார். தடுக்கலாகாது என்பவரோ அதைப் பார்ப்பதேயில்லை. இது வெறுங்கற்பனை அன்று. டக்ளஸும் ஹியூகோ பிளாக்கும் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் ஏற்பாடு செய்த திரையிடல்களுக்குச் செல்லாதவர்கள். எதைக் காட்டினாலும் எங்கள் தீர்ப்பு மாறாது என்பதே அவர்தம் நிலை.

கொள்கையுறுதி என இதனைப் போற்றலாம். ஆயின் சான்றைக் காணாமலே தீர்ப்பை முடிவு செய்வதும் ஒருவகைச் சாய்வன்றோ? லூமிஸ் இதனைக் கூர்மையாகக் கேட்டிருந்தால் ஸ்னோவும் நம்மோடு சேர்ந்து தம்மையே நகைத்திருப்பார். ஆசிரியர்களின் பரிவு ஸ்னோவின் பக்கம் சாய்ந்திருப்பதால் அக்கேள்வி எழாமலே போகிறது. எதிராளிக்கு நல்ல நாற்காலி அளித்தவர்கள் நல்ல வாதத்தை அளிக்கத் தயங்கினர். நல்ல வரிகள் பெரும்பாலும் ஸ்னோவுக்கே வாய்க்கின்றன.

பிற்பகுதியில் இக்குறை மேலும் பெருகுகிறது. பெருநிறுவனம் ஒன்றைப் பற்றிய வழக்கில், லூமிஸின் மறைந்த கணவருக்கு அந்நிறுவனத்தின் முறைகேட்டோடு தொடர்பிருந்தது வெளிப்படுகிறது. லூமிஸ் பதவி விலக முனைகிறார். ஸ்னோ தடுத்து நிறுத்துகிறார். ஸ்னோவுக்கு நேரும் சோதனைகள், மனைவியின் பிரிவும் நெஞ்சு நோயும், அவருடையவை. லூமிஸுக்கு நேரும் சோதனையோ அவர் கணவர் விட்டுச் சென்றது. தன் அறிவால் நாட்டின் தலைமை ஆயத்தை அடைந்த ஒரு பெண்ணின் நேர்மையைச் சோதிக்க, அவர் எழுதிய தீர்ப்பொன்றோ அவர் கொண்ட கொள்கையொன்றோ போதாதா? கணவர் செய்த பிழைதான் வேண்டுமா? முதற்பெண் நீதிபதியைக் கற்பனை செய்யத் துணிந்தவர்கள், அவரைத் தனித்து நிற்கும் ஓர் அறிவாகக் கற்பனை செய்யும் அளவுக்குத் துணியவில்லை.

வரலாறு கற்பனையை விரைவில் முந்தியது. 1981 ஜூலையில் குடியரசுத் தலைவர் ரீகன் சாண்ட்ரா டே ஓ’கானரின் பெயரை அறிவித்தார். அதனால் படத்தின் வெளியீடே முன்தள்ளப்பட்டது. செப்டம்பரில், ஆட்சிமன்ற மேலவையில் ஒருவர் வாக்கும் எதிராக விழாமல், ஓ’கானர் பதவியேற்றார். நம் உச்ச நீதிமன்றத்தில் எம். பாத்திமா பீவி முதற்பெண் நீதிபதியாக அமர்ந்தது 1989-இல்.

படம் காட்டத் தவறியதையும் வரலாறு காட்டியது. முற்போக்காளரான ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் பழமைவாதியான அன்டனின் ஸ்காலியாவும் 1993 முதல் 2016 வரை ஒரே ஆயத்தில் அமர்ந்தவர்கள். இசை நாடகப் பித்து இருவருக்கும் பொது. அவர்கள் நட்பையே நகைச்சுவை இசை நாடகமாக்கி 2015-இல் மேடையேற்றினார் டெரிக் வாங். ஆடவரை மட்டுமே சேர்த்துவந்த வர்ஜீனியா இராணுவக் கல்லூரி வழக்கில் 1996-இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க். தனித்து மாறுபட்டவர் ஸ்காலியா. தம் மறுப்புரையின் வரைவை ஸ்காலியா முன்கூட்டியே கின்ஸ்பர்க்கிடம் அளித்தார். அம்மறுப்புக்கு விடை காண முயன்றதால் தம் தீர்ப்பு மேலும் செம்மையுற்றது என்று கின்ஸ்பர்க் பின்னர் நன்றியோடு கூறினார். மாறுபட்டவனைப் பொறுத்துக்கொள்வது பண்பு. மாறுபட்டவனால் தன் வாதத்தைத் திருத்திக்கொள்வதோ அறிவு. படத்தின் ஸ்னோ பண்பைக் கற்கிறார். அறிவின் படியை அவர் ஏற நாம் காண்பதில்லை.

இத்தனை குறைகள் இருந்தும் இப்படம் நினைக்கத்தக்கதே. இருவரையும் காதலர் ஆக்கி முடித்துவிடும் எளிய வழியை அது நாடவில்லை. ஒருவர் கட்சிக்கு மற்றவர் மாறிவிட்டார் என்று காட்டி நம்மை மகிழ்விக்கவும் முயலவில்லை. இருவரும் வாதம் முடியாமலே நீதிமன்றத்திற்குத் திரும்புகின்றனர். இதுவே அதன் சிறப்பு. நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார் வள்ளுவர். அக்கோல் ஒரே தட்டால் ஆனதன்று. இரு தட்டும் எதிரெதிர் பக்கம் தொங்கினால்தான் நடுவிலுள்ள முள் எடையைச் சொல்லும். எதிர்த்தட்டை அறுத்தெறிந்துவிட்டு நடுவு நிலைமை பேசுவோர் மிகுந்த காலத்தில், மாறுபடுவோரைச் சிரித்தபடி எதிரில் அமர்த்திக்கொள்ளச் சொல்லும் ஒரு நகைச்சுவை, தன் குறைகளோடும் நமக்கு வேண்டப்படுகிறது.