சான்று கேளாத சான்றோன்

கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கொலையுண்டார். வாழ்நாள் முழுமைக்கும் அவர் சர்வாதிகாரியாக்கப்பட்டமை, குடியாட்சி மாண்டு முடியாட்சி எழுமோ என்னும் அச்சத்தைச் செனட் மன்றத்தினரிடையே விளைத்திருந்தது. சதியில் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் கூடினர் என்பது வரலாறு. ஏறத்தாழ 1599இல் அதனை நாடகமாக்கிய ஷேக்ஸ்பியர், அவர்களை எண்மராகச் சுருக்கி, அவர்தம் உள்ளங்களை ஆராய்ந்தார்.

காசியஸின் நோக்கம் வெளிப்படை. தன்னை ஒத்தவன் தன்னினும் உயர்ந்து நிற்பதை அவன் பொறான். அழுக்காறே அவனை இயக்குகிறது. புரூட்டஸுக்கோ சீசர்பால் அன்புண்டு. பொதுநலமே அவன் வேட்கை. ஆயின், நல்ல நோக்கம் மட்டும் ஒருவனைப் பிழையினின்று காக்குமா? நாடகம் எழுப்பும் வினா இதுவே.

இரண்டாம் அங்கத்துத் தோட்டக் காட்சியை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். சீசரின் அறிவை உணர்ச்சி வென்றதாகத் தான் கண்டதில்லை எனப் புரூட்டஸே தனிமொழியில் ஒப்புகிறான். முடி சூடினால் சீசர் மாறக்கூடும் என்னும் ஐயம் ஒன்றே அவனிடம் உள்ளது. வாழ்நாள் பதவியைக்கூட அவன் ஆங்கு எடுத்துக்காட்டவில்லை. முட்டைக்குள் இருக்கும் பாம்பை உவமையாக்கி, ஐயத்தைத் தீர்ப்பாக மாற்றிவிடுகிறான். உவமை ஒன்றை விளக்கும், மெய்ப்பிக்காது.

அடுத்து, சாளரத்தருகே கிடந்த கடிதம் அவன் கைக்கு வருகிறது. ஷேக்ஸ்பியருக்கு மூலமாய் அமைந்த புளூட்டார்க்கின் வரலாற்றில், இத்தகைய மடல்களை எழுதியோர் மாற்றம் விரும்பிய குடிமக்கள். நாடகத்திலோ அவை, பலர் எழுதியவைபோல் காசியஸ் புனைந்தவை. இம்மாற்றம் மிக நுட்பமானது. பொறாமையாளனின் குரலை மக்கள் குரலென்று நம்பிவிட்ட புரூட்டஸ், எழுதியவர் யாரென ஒருமுறையும் வினவினானல்லன்.

கொலைக்குப்பின் மக்கள்முன் பேசும்போதும் சீசர் பேராசையுடையவர் என்றானேயன்றிச் சான்று தந்தானல்லன். அந்தோணியோ சீசர் மும்முறை முடி மறுத்ததை நினைவூட்டி, உயிலையும் காட்டி மக்களைத் தன்பால் திருப்பினான். அவனும் தூயவனல்லன், அவ்வுயிலின் கொடைகளைக் குறைக்க வழிதேடுவதை அடுத்த அங்கம் காட்டுகிறது. சான்று கேட்டுப் பழகாத கூட்டம் யார் பின்னும் செல்லும்.

கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் காசியஸும் புரூட்டஸும் மாண்டனர். கி.மு. 27இல் ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆனார். ஒருவர் ஆட்சி நிலைத்தது. குடியாட்சியைக் காக்க எடுத்த வாள் அதன் முடிவை விரைவுபடுத்தியது.

இந்நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், புரூட்டஸ் நல்லவனா என்று கேட்பதோடு அமையாது, எச்சான்றைக் கொண்டு அவன் நம்பினான் என்றும் மாணவரைக் கேட்கச் செய்வாராக.