பழகிய சொற்களின் வஞ்சகம்

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. விருந்து முடிந்து வீடு திரும்பும் குதிரை வண்டியில் எம்மாவும் பாதிரியார் எல்டனும் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் எல்டன் அவளிடம் ‘மேக் லவ்’ செய்ய ஆரம்பித்துவிட்டார் என்கிறார் ஆஸ்டின். இதைப் பாடமாகப் படிக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பு எழுவது வழக்கம். நாவல் வெளிவந்த 1815இல் அந்தத் தொடருக்குக் காதல் மொழி பேசி மனம் கவரப் பார்ப்பது என்றே பொருள். எல்டன் எம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு தன் ஆசையைக் கொட்டுகிறார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடங்களால் பெரிய கேடு இல்லை. பொருள் இடிக்கிறது, வாசகர் நின்று அகராதியைப் புரட்டுகிறார். இடிக்காத சொல்தான் கவிழ்த்துவிடும். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் தன் அக்கா ஜேனின் ‘கேண்டர்’ என்ற குணத்தைப் பற்றி எலிசபெத் பேசுகிறாள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லும் குணம் என்றே எடுத்துக்கொள்வோம். ஆஸ்டின் காலத்தில் அது பிறரைப் பற்றி நல்லதையே நினைக்கும் பெருந்தன்மை. இன்றைய பொருளைப் பொருத்திப் படித்தாலும் வாக்கியம் தடுக்காமல் ஓடிவிடும். ஜேன்தான் வேறொரு பெண்ணாகிவிடுவாள். சி. எஸ். லூயிஸ் ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ (1960) நூலில் இதற்கு ‘அபாயமான பொருள்’ என்று பெயர் வைத்தார். நம் காலத்தில் ஓங்கி நிற்கும் பொருள் நமக்குத் தெரியாமலே பழைய நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலச் சொற்பொருள் மாற்றம் பற்றி எழுதப்பட்டவற்றில் வாசகனுக்கு இதைவிடப் பயன்படும் கருத்தை நான் படித்ததில்லை.

சொற்பொருள் மாற்றத்தை ஆராயும் துறையின் தொடக்கத்தில் இருப்பவரும் ஒரு பாதிரியார்தான். ரிச்சர்ட் செனெவிக்ஸ் டிரெஞ்ச், பின்னாளில் டப்ளின் பேராயர். 1851இல் வெளிவந்த அவருடைய ‘ஆன் தி ஸ்டடி ஆஃப் வேர்ட்ஸ்’ நூலில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நீதிக்கதை. நல்ல பொருள் கொண்ட சொல் கெட்ட பொருளுக்குச் சரிந்தால் அதைப் பேசிய மனிதர்களின் சரிவையே அதில் கண்டார். இன்று படிக்கையில் பிரசங்க வாடை தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் 1857இல் லண்டன் மொழிநூற் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரைகள் வேறு தரம். அகராதிக்காரர் வரலாற்றாசிரியர், எது நல்ல சொல், எது கெட்ட சொல் என்று தீர்ப்பு வழங்குவது அவர் வேலையில்லை என்றார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் விதை அங்கே விழுந்தது.

1879இல் ஜேம்ஸ் மரே பொறுப்பேற்று, பழைய நூல்களைப் படித்துச் சொல்லோடு அது வந்த வாக்கியத்தையும் ஆண்டையும் சீட்டில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். சீட்டுகள் குவிந்தன. முதல் பகுதி 1884இல் வந்தது. 1928இல் அகராதி முடிந்தபோது மரே இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு சொல்லின் சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் அது நடந்து வந்த பாதை தெரியும். ‘சில்லி’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் இறையருள் பெற்றவரைக் குறித்தது. அருள் பெற்றவர் சூதறியாதவர், சூதறியாதவர் இரங்கத்தக்கவர், இரங்கத்தக்கவர் பலவீனர், பலவீனர் அசடு. ஒவ்வொரு அடியும் சின்ன அடி. நடந்தவர் யாருக்கும் மலையிறங்குவதாகத் தோன்றியிருக்காது.

‘நைஸ்’ ஏறி வந்த சொல். ‘அறியாத’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது முட்டாளைக் குறித்தது. பிறகு எதிலும் குறை காணும் சுபாவம், பிறகு நுட்பம், நுணுக்கம். 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்று ஆனது. எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்லைப் போடுகிறாயே என்று ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஹென்றி டில்னி கதாநாயகியைக் கேலி செய்கிறான். அதோடு அதன் பயணம் முடியவில்லை. நம் வீடுகளில் மாவை நைஸாக அரைக்கச் சொல்கிறோம். கடன்காரனைக் கண்டதும் நைஸாக நழுவுகிறோம். பின்னதற்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை.

மொழியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பொதுப்பொருட்பேறு, சிறப்புப்பொருட்பேறு, உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்ற வகைகளை இங்கே விரிக்கப் போவதில்லை. அவை பெட்டிகள், காரணங்கள் ஆகா. காரணத்தைத் தேடியவர் மிஷேல் பிரேயால். 1896 ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் வேண்டுமென்று யோசனை சொல்லிக் கோப்பையும் கொடுத்த அதே பிரெஞ்சுக்காரர். மறு ஆண்டு வெளியான தம் சொற்பொருளியல் நூலில் டிரெஞ்ச் போன்றோரின் நீதிபோதனையை அவர் ஏற்கவில்லை. சொற்கள் கெடுவதற்கு மனிதரின் கெட்ட எண்ணம் காரணமில்லை, நாசூக்குதான் காரணம் என்றார். சொல்லக் கூசும் விஷயத்தை நல்ல சொல்லால் மூடுகிறோம். கொஞ்ச நாளில் மூடிய துணியிலும் கறை ஏறிவிடுகிறது. ‘நாற்றம்’ நறுமணமாக இருந்த காலத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு பிரேயாலின் விளக்கம் பாதிதான். மீதியை லூயிஸ் தொட்டார். ‘வில்லன்’ ஆதியில் பிரபுவின் பண்ணையில் உழைத்த குடியானவன். ‘நேவ்’ சிறுவனாக இருந்து வேலைக்காரனாகி, பிறகு அயோக்கியனானான். மேட்டுக்குடியைக் குறித்த ‘நோபிள்’, ‘ஜென்டில்’ போன்றவை நற்குணங்களாயின. அந்தஸ்தின் பெயர்கள் ஒழுக்கத்தின் பெயர்களாக மாறும் வழக்கம் இது. தமிழ்ப் படங்களில் வில்லன் எத்தனையோ முறை பண்ணையாராகவே வந்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லோ பண்ணையாளின் முதுகில் ஏறி வந்தது.

1975இல் மியூரியல் ஷுல்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பெண்கள் பக்கம் திருப்பியது. ‘மாஸ்டர்’ எஜமானராகவே இருக்க, ‘மிஸ்ட்ரஸ்’ வைப்பாட்டியானாள். இல்லத்தரசியைக் குறித்த சொல்லின் தேய்ந்த வடிவமான ‘ஹஸ்ஸி’ நடத்தை கெட்டவள் என்ற வசவாயிற்று. கவர்னர் மாநிலத்தை ஆள்கிறார். ஒருகாலத்தில் ஆள்பவளைக் குறித்த ‘கவர்னஸ்’ அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அடுத்த ஆண்டே ரேமண்ட் வில்லியம்ஸின் ‘கீவேர்ட்ஸ்’ வந்தது. பயிர் வளர்ப்பதைக் குறித்த ‘கல்ச்சர்’ எப்படி ஒரு வர்க்கத்தின் உடைமை ஆனது என்பதுதான் அவரைத் துளைத்த கேள்வி. அதற்கு நிகராக நாம் வைத்துக்கொண்ட ‘பண்பாடு’ம் பண்படுத்திய நிலத்தை நினைவூட்டுவதை அவர் அறிந்திருந்தால் ரசித்திருப்பார்.

விதி தேடியவர்களும் உண்டு. எலிசபெத் டிராகாட், ரிச்சர்ட் டாஷர் இருவரும் 2002இல் வெளியிட்ட நூல், சொற்கள் வெளியுலகைச் சொல்வதிலிருந்து பேசுபவரின் மனநிலையைச் சொல்வதை நோக்கியே பெரிதும் நகர்கின்றன என்கிறது. ‘உண்மையான’ என்றிருந்த ‘வெரி’ இன்று வெறும் அழுத்தம். காலத்தைச் சொன்ன ‘சின்ஸ்’ காரணத்தையும் சொல்கிறது. இதற்கிடையே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய வரலாற்றுச் சொற்களஞ்சியம் 2009இல்தான் முடிந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பொருள்கள். 1978இல் கட்டடம் தீப்பிடித்தபோது இரும்பு அலமாரிகளில் இருந்ததால் சீட்டுகள் பிழைத்தன.

பிறகு கணினி வந்தது. 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான நூல்களின் தரவை அலசி இரண்டு விதிகளை அறிவித்தார்கள்: அடிக்கடி புழங்கும் சொல் மெதுவாக மாறும்; பல பொருளுள்ள சொல் வேகமாக மாறும். அடுத்த ஆண்டே இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அதே கணக்கை, காலவரிசையைக் கலைத்துப் போட்ட தரவில் செய்து பார்த்தார்கள். மாற்றமே இருக்க முடியாத இடத்திலும் அதே ‘விதிகள்’ தலைகாட்டின. பெரும்பகுதி அளவுகோலின் கோளாறு. கணினியை நான் பழிக்கவில்லை. சந்தேகப்பட வேண்டிய சொல்லை அது விரல் நீட்டிக் காட்டும்; ஜேனின் ‘கேண்டர்’ எதுவென்று அறிய வாக்கியத்தை நாம்தான் படிக்க வேண்டும்.

இந்த நூல்களில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவை காலனிகளிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி (1886) அவற்றுக்கெனத் தனி வீடு கட்டியது. ‘பரையா’ அதில் இருக்கிறது. பறை என்ற கருவியோடு இணைந்த ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் ஏறி, 19ஆம் நூற்றாண்டில் எவராலும் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாயிற்று. பாடநூல் இதைப் பொதுப்பொருட்பேறு என்று வகைப்படுத்தி அடுத்த சொல்லுக்குப் போய்விடும். வில்லனுக்கும் நேவுக்கும் நடந்ததே இங்கும் நடந்தது. ஒரு வேறுபாடு: அந்தக் குடியானவர்கள் இன்று இல்லை, இந்தப் பெயருக்குரியவர்கள் இருக்கிறார்கள், அதைப் படிக்கிறார்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஓர் அரசைக் குறிக்க ஆங்கில நாளிதழ்கள் இன்றும் அந்தச் சொல்லையே அச்சிடுகின்றன.